கருவியை மாற்றும் உரிமை

தத்துவ வினாக்கள் நூலகங்களிலே மட்டும் பிறப்பன என்று எண்ணுவது எம்மிடையே நிலவும் பழைய மயக்கங்களுள் ஒன்று. மனிதன் ஒரு பொருளைக் கையால் தொட்டு, அதனை இருந்தபடியே விட்டுவிடுவதா, தன் தேவைக்கேற்ப மாற்றுவதா என்று தயங்கி நிற்கும் வேளைகளிலும் அவை எழுகின்றன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் மிகச் சாதாரணமானது. ஒருவர் தமது மோட்டார் சைக்கிளிலே தொழிற்சாலை பொருத்திய பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிட்டு வேறொரு தாங்கியைப் பொருத்துகிறார். பழையது துருப்பிடித்து ஒழுகியிருக்கலாம். நீண்ட பயணத்துக்குப் போதாதிருக்கலாம். அதன் தோற்றம் அவருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். காரணம் எதுவாயினும், இதனைச் செய்ய அவருக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமை எங்கிருந்து பிறக்கிறது?

இவ்வினாவுக்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உள்ளன. ஒன்று சந்தையின் விடை: காசு கொடுத்து வாங்கியவரே சொந்தக்காரர்; தமது சொத்தை அவர் மாற்றலாம், உடைக்கலாம், எரிக்கலாம்; ஏனென்று கேட்க எவருக்கும் இடமில்லை. மற்றையது தொழிற்சாலையின் விடை: யந்திரத்தை வகுத்தவருக்கே அதன் நுட்பம் தெரியும், வாங்கியவர் ஓட்டவேண்டியவரேயன்றித் தொடவேண்டியவரல்லர். முதலாவது விடை சுதந்திரத்தின் பெயரால் பேசுகிறது. இரண்டாவது பாதுகாப்பின் பெயரால் பேசுகிறது. ஒன்றையொன்று எதிர்ப்பனபோலத் தோன்றினும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அதனைக் காண்பதற்கு முன், தாங்கி மாற்றும் வேலை யாது என்பதை நெருங்கிப் பார்ப்பது அவசியம். வேலையை அறியாமல் அதன் அறத்தைப் பேசினால் அப்பேச்சு வெறும் உபதேசமாகவே முடியும்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் தாங்கி ஒரு தட்டையான பெட்டி. சட்டகத்தின் இரு குழாய்களுக்கிடையே அது செருகப்பட்டிருந்தது. 1920களின் இறுதியிலேதான் குதிரைச் சேணம்போல மேற்குழாயின்மேல் கவிந்திருக்கும் தாங்கி பரவலாயிற்று. இன்று நாம் காணும் தாங்கி அதன் வழிவந்ததே. அதன் அடிப்புறத்தின் நடுவே நீண்ட பள்ளமொன்று ஓடுகிறது. சட்டகத்தின் மேற்குழாய் அப்பள்ளத்தினுள் அடங்குகிறது. வேறொரு வண்டியின் தாங்கியைக் கொண்டுவந்தால் முதலில் எழும் கேள்வி, அந்தப் பள்ளம் இந்தக் குழாய்க்குப் பொருந்துமா என்பதே. பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. கைபிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். அது தாங்கியில் முட்டுமாயின், ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் வண்டியைத் திருப்புபவரின் பெருவிரல் இடையிலே நசியும். தாங்கியை இரும்போடு இரும்பாக இறுக்கவும் கூடாது. றப்பர் மெத்தைகளின்மேல் அது அமரவேண்டும். இல்லையேல் யந்திரத்தின் அதிர்வு நாளடைவில் ஒட்டுகளைப் பிளந்துவிடும். சூடேறும் சிலிண்டரின் தலைக்கும் தாங்கியின் அடிக்கும் இடையே காற்றோடும் இடைவெளி வேண்டும். தாங்கி பெரிதாகும்போது பாரமும் மேலேறுகிறது. மேலதிகமாகக் கொள்ளும் 10 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ ஏழரைக் கிலோகிராம் நிறையுடையது.

காபரேற்றர் உள்ள வண்டிகளில் பெற்றோல் பெரும்பாலும் புவியீர்ப்பினாலேயே கீழிறங்குகிறது. ஆகவே தாங்கியின் வெளிவாய் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்கவேண்டும். பள்ளத்தின் இருபுறமும் தாழ்ந்து நிற்கும் பகுதிகளுள் ஒன்றிலே மட்டும் வெளிவாய் இருப்பின், மற்றதிலே தேங்கும் பெற்றோல் பயன்படாது நின்றுவிடும். இரண்டையும் இணைக்க ஒரு சிறு குழாய் தேவை. தாங்கியின் மூடியிலே நுண்ணிய காற்றுத் துவாரமொன்று திறந்திருத்தல் வேண்டும். ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் இட்டால் பால் சீராக வடியாது. எதிர்ப்புறத்தில் இன்னொரு துளை இட்டவுடன் வடியும். எமது தேநீர்க்கடைகளில் எவரும் அறிந்த இவ்வுண்மைதான் மூடியின் துவாரத்திலும் தொழிற்படுகிறது. அது அடைபட்டால், தாங்கி நிறைய எரிபொருள் இருந்தும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். வளிமண்டல அமுக்கம் பாடநூலின் ஒரு பக்கத்தில் அடங்கிக் கிடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெருப்பைப் பற்றிய அறிவு. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே பெற்றோல் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடுகிறது. எமது நுவரெலியாவின் மிகக் குளிர்ந்த இரவும் அதற்குப் பெருங்கோடையே. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் சென்றடையும். காற்றிலே ஏறத்தாழ 1.4 வீதம் முதல் 7.6 வீதம் வரை அது கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். இதனாலேயே ஒட்டுவேலை செய்பவருக்கு நிறைந்த தாங்கியைவிட வடித்துவிட்ட தாங்கி பெரும் ஆபத்தாகிறது. அதனுள்ளே ஆவியும் காற்றும் கலந்து காத்திருக்கின்றன. அனுபவம் வாய்ந்த தொழிலாளர் அதனை நன்கு கழுவி, நீர் நிரப்பி, வேலைக்கு வேண்டிய சிறு இடத்தை மட்டும் விட்டே சுவாலையை அருகே கொண்டுசெல்வர். வெறுமையெனக் கண்ணுக்குத் தோன்றுவது வெறுமையன்று என்பதை அவர்கள் கல்லூரிக்குப் போகாமலே அறிந்திருக்கின்றனர்.

தத்துவம் பயின்ற நண்பர்கள் இவ்விடத்தில் குறுக்கிட்டு, தாங்கியை மாற்றியபின் அது அதே வண்டிதானா என்று கேட்கக்கூடும். மிலிந்த மன்னனும் நாகசேனத் தேரரும் தேரைப் பற்றி நிகழ்த்திய உரையாடல் பௌத்த மரபில் புகழ்பெற்றது. அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது இவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே என்று தேரர் நிறுவினார். எமது வாகனப் பதிவுச் சான்றிதழோ யந்திர இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் கொண்டு ஒரு வண்டியை இனங்காண்கிறது. கம்பனியோ தன் பெயரைத் தாங்கியின் நெற்றியிலே பொறிக்கிறது. தேரரின் தர்க்கம் நுண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மாற்றியபின் அது எந்த வண்டி என்பதைவிட, மாற்றத்தின் விளைவுக்கு யார் பொறுப்பு என்ற வினாவே எமக்கு அவசரமானது. வண்டி தனியாக நிற்கும் பொருளன்று. மனிதரோடு வீதியில் ஓடும் பொருள்.

சந்தையின் விடையை இப்பொழுது நோக்குவோம். எமது வீதிகளில் தந்தை ஓட்ட, தாய் பின்னால் அமர, இருவருக்கும் முன்னே குழந்தை அமர்ந்து செல்லும் காட்சியை நாளாந்தம் காண்கிறோம். குழந்தை அமர்ந்திருப்பது தாங்கியின் மேலேயே. அந்தத் தாங்கியின் ஒட்டு வெடித்தால் முதலில் நனைவது யாருடைய ஆடை? வாங்கிய பற்றுச்சீட்டிலே குழந்தையின் பெயர் இல்லை. கராஜிலே, முகக்கவசமின்றிக் குனிந்திருந்து அத்தாங்கியை ஒட்டிய இளைஞனின் பெயரும் இல்லை. ஒழுகிய எரிபொருளில் வழுக்கி விழப்போகும் பின்னால் வரும் சைக்கிள்காரரின் பெயரும் இல்லை. சொத்துரிமை என்பது வாங்கியவருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவென்று சொல்லப்படுகிறது. உண்மையில் அது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள உறவு. ‘என் வண்டி, என் விருப்பம்’ என்னும் கூற்று இந்த உறவை மறைத்துவிடுகிறது. ஆபத்தைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு மாற்றும் சுகத்தைத் தனக்கென வைத்துக்கொள்வது சுதந்திரமாகாது.

அவ்வாறாயின் தொழிற்சாலையின் விடையே சரியோ? தொழிற்சாலையில் பொறியியலாளர் இருக்கின்றனர், பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன, அவற்றின் அறிவை இகழ்வது மடமை. ஆனால் அந்த அறிவு யாருடைய கணக்குப் புத்தகத்தின் கீழ் வேலை செய்கிறது என்பதை மறத்தலும் மடமையே. அமெரிக்காவின் போர்ட் கம்பனி 1970 இல் பின்ரோ என்னும் சிறிய காரை விற்பனைக்கு விட்டது. அதன் தாங்கி பின்னச்சுக்கும் பின்புறப் பம்பருக்கும் இடையே அமைந்திருந்தது. பின்னாலிருந்து வேறு வாகனங்கள் மோதியபோது தாங்கி கிழிந்து தீப்பற்றி மனிதர் மாண்டனர். 1978 இல் ஏறத்தாழ 15 இலட்சம் கார்களைக் கம்பனி மீள அழைக்க நேர்ந்தது.

இதனிலும் சிந்தனைக்குரியது, அக்கம்பனியில் 1973 இல் தயாரிக்கப்பட்டு அரசாங்க நிறுவனத்திடம் அளிக்கப்பட்ட ஓர் ஆவணம். வாகனங்கள் புரளும்போது எரிபொருள் ஒழுகுவதைத் தடுக்க வண்டியொன்றுக்கு 11 டொலர் செலவாகும் என்றும், அதனால் 180 பேர் தீயில் மாள்வதைத் தவிர்க்கலாம் என்றும் அது கணக்கிட்டது. ஓர் உயிருக்கு இட்ட விலை 2 இலட்சம் டொலர். மொத்த நன்மை 4 கோடியே 95 இலட்சம் டொலர். மொத்தச் செலவு 13 கோடியே 70 இலட்சம் டொலர். ஆகவே அந்த ஏற்பாடு செலவுக்குத் தகாதது என்பது முடிவு. நியாயம் கருதி இரண்டு விடயங்களைக் குறிப்பிடவேண்டும். அந்தக் கணக்கு பின்ரோவை மட்டும் பற்றியதன்று. அமெரிக்காவில் விற்பனையான கார்களையும் சிறிய லொறிகளையும் பொதுவாகப் பற்றியது. உயிரின் விலையும் கம்பனி தானாக இட்டதன்று. அரசாங்க நிறுவனமே வகுத்த தொகை. ஆனால் இதனால் விடயம் இலேசாகவில்லை; மேலும் பாரதூரமாகிறது. ஒரு கம்பனியின் தனிப்பட்ட தீய புத்தியென்றால் அதனைத் தண்டித்து ஆறுதலடையலாம். இதுவோ இலாபத்தை அச்சாகக் கொண்ட முறைமையின் இயல்பான கூட்டல் கழித்தல். ‘செய்தவனுக்கே தெரியும்’ என்பது உண்மையாயிருக்கலாம். தெரிந்திருந்தும் செய்யாதிருப்பதும் அவனால் இயலும்.

இனி, இரண்டு விடைகளுக்கும் பொதுவான குறை யாதென்பது தெளிவு. வாங்குவோர், விற்போர் என்னும் இருவரை மட்டுமே அவை காண்கின்றன. பொருளோடு வாழ்பவரும் அதன் விளைவைத் தாங்குபவரும் அவற்றின் பார்வையில் விழுவதில்லை. மாற்றும் உரிமையின் ஊற்றை நாம் வேறிடத்தில் தேடவேண்டும்.

1950களிலும் 1960களிலும் பிரித்தானியாவின் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் பலர் தவணைமுறையில் மோட்டார் சைக்கிள் வாங்கினர். லண்டனின் நோர்த் சேர்க்குலர் வீதியிலுள்ள ஏஸ் கபே போன்ற தேநீர்ச்சாலைகளிலே இரவில் கூடினர். வாங்கிய வண்டியை வாங்கியபடியே அவர்கள் விட்டுவைக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்கன்ட்லெஸ் வகுத்து, 1950 இல் நோர்ட்டன் பந்தய வண்டிகளில் அறிமுகமான சட்டகத்தைத் தேடி எடுத்தனர். அதனுள் ட்ரையம்ப் யந்திரத்தைப் பொருத்தி, இரண்டு பெயர்களையும் சேர்த்து ‘ட்ரைட்டன்’ என்று அழைத்தனர். தொழிற்சாலையின் கனத்த இரும்புத் தாங்கியை நீக்கிவிட்டு, முழங்கால் பதியும் குழிவுகளோடு நீண்டு தாழ்ந்த அலுமினியத் தாங்கியை ஏற்றினர். பத்திரிகைகள் அவர்களைக் காலிகள் என்று எழுதின. ஆனால் பகல் முழுவதும் யாரோ வகுத்த பொருளின் யாரோ தீர்மானித்த ஒரு துண்டைச் செய்துகொண்டிருந்த கைகள், மாலையிலே முழுமையான ஒரு பொருளைத் தாமே வகுத்துத் தாமே முடித்தன என்பதை அப்பத்திரிகைகள் காணவில்லை. தன் உழைப்பின் விளைவே உழைப்பாளிக்கு அந்நியமாகி நிற்பதைப் பற்றி 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் ஆராய்ந்தார். அந்த அந்நியத்தை ஒரு மாலைப்பொழுதுக்கேனும் நீக்கிக்கொள்ளும் முயற்சியாக இதனை நோக்குவது தவறாகாது.

ஆயினும் அதே வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. இலேசானது, மலிவானது, விரும்பிய வடிவத்தில் வார்க்கக்கூடியது என்பதனால் பலர் பைபர்கிளாஸ் தாங்கிகளைப் பொருத்தினர். விபத்திலே உலோகத் தகடு நசுங்கும். பைபர்கிளாஸ் வெடித்துத் திறந்துவிடும். 1973 யூலை 1 ஆம் திகதிக்குப்பின் முதன்முதல் பாவனைக்கு வரும் பெற்றோல் வாகனங்களின் தாங்கி உலோகத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் விதித்தது. பிற்காலத்தில் பெற்றோலோடு எதனோல் கலக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த பழைய பைபர்கிளாஸ் தாங்கிகள் பலவற்றின் பிசின் இளகிக் கரைந்து காபரேற்றரை அடைத்தது. சடப்பொருள் எவருடைய கிளர்ச்சி மனப்பான்மைக்கும் இரங்குவதில்லை. ஏங்கல்ஸ் 1878 இல் நூலாக வெளியிட்ட ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்னும் படைப்பில், ஹெகலின் கருத்தை வளர்த்து, இயற்கையின் விதிகளிலிருந்து விலகி நிற்பதாகக் கனவு காண்பதிலே சுதந்திரம் இல்லை என்றும், அவ்விதிகளை அறிந்து நோக்கத்தோடு பயன்படுத்துவதிலேயே அது உள்ளது என்றும் விளக்கினார். மூடியின் துவாரம், றப்பர் மெத்தை, நீர் நிரப்பிய ஒட்டுவேலை ஆகியவை இத்தத்துவத்தின் கராஜ் வடிவங்கள்.

இலங்கைத் தமிழருக்கு இவ்வுண்மை தூரதேசத்துச் செய்தியன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தாங்கியிலே மண்ணெண்ணெய், சிறு போத்தலிலே சில துளி பெற்றோல். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடில்லாமல் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெற்றோலால் யந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இதன் பயனாக நோயாளர் வைத்தியசாலைக்கும் ஆசிரியர் பாடசாலைக்கும் போய்ச் சேர்ந்தனர்.

இதனை வெறும் அவசரக் குறுக்குவழி என்று சொல்லலாமா? பிரித்தானியாவின் கொவென்ரி நகரில் தயாரான பெர்கியூசன் உழவு யந்திரத்தின் ஒரு வகை, 1949 முதல் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயொன்றில் ஓடும்படி அமைக்கப்பட்டது. அதிலும் பெற்றோலுக்கென ஒரு சிறு பகுதியும் எண்ணெய்க்கென ஒரு பெரும் பகுதியும் இருந்தன. பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றுவதே முறை. தத்துவம் ஒன்றே. தொழிற்சாலை செய்தபோது அதற்குப் பொறியியல் என்று பெயர். முற்றுகைக்குள் கிராமத்துக் கராஜ் செய்தால் மட்டும் அதனைக் கைவைத்தல் என்பதா? அறிவுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் சமுதாயத்தில் யாரிடம் உள்ளது என்பதையே இவ்வேறுபாடு காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அக்காலத்து மக்களின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து பேசி, அச்சாமர்த்தியத்தை அவர்கள்மேல் திணித்த கொடுமையை மறந்துவிடும் போக்கு எம்மிடையே உண்டு. மண்ணெண்ணெய் முற்றாக எரியாது கரும்புகையைக் கக்கியது. யந்திரத்தின் மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. புகையைச் சுவாசித்தவர் மக்களே. எரிபொருளைப் போத்தலிலே கொண்டு திரிந்தவரும் மக்களே. பொறுப்பை எடைபோடும்போது, ஆபத்தான மாற்றத்தைச் செய்தவரை மட்டும் நிறுத்துக் கணக்குப் பார்ப்பது நீதியாகாது. வேறு வழியில்லாமற் செய்தவரையும் அத்தராசிலே நிறுத்தவேண்டும்.

அறிவும் ஆபத்தும் பற்றிய இந்த ஆய்வோடு, பங்கு பற்றிய வினாவும் சேர்ந்துள்ளது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அம்மாத நடுப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடவையில் 1,000 ரூபாவுக்கு மட்டுமே எரிபொருள் என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என ஒதுக்கப்பட்டது. வரிசை நாட்கணக்கில் நீளும் காலத்தில் பெரிய தாங்கி வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் வரையறை இல்லாத வரிசையிலே பெரிய தாங்கியை நிரப்புபவர், தமக்குப் பின்னால் நிற்பவரின் பங்கையும் தமது தாங்கியிலே நிரப்புகிறார். தொலைதூரப் பயணத்துக்கெனப் பொருத்திய அதே தாங்கி பஞ்சகாலத்தில் பதுக்கலின் பாத்திரமாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த மனித உறவு மாறிவிட்டது. ஒரு செயலின் அறத்தை அச்செயலினுள்ளே மட்டும் தேடினால் இது புலப்படாது.

பங்கீட்டு முறையையும் இதே கண்ணோடு நோக்கவேண்டும். அது 20 லீற்றர் கொள்ளும் தாங்கியையும் 8 லீற்றர் கொள்ளும் தாங்கியையும் சமமாக்கியது, அவ்வளவில் வரவேற்கத்தக்கது. எனினும் வாகனத்தின் வகையை அளவுகோலாகக் கொண்டதால், வாகனங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை அப்படியே பேணியது. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குக் கார் அதிகம் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் முச்சக்கர வண்டி ஒரு குடும்பத்தின் உலை கொதிப்பதற்காக ஓடுகிறது. கார் பல வேளைகளில் ஒருவரை மட்டும் சுமந்து செல்கிறது. தாங்கியின் அளவைச் சமப்படுத்தியவர்கள் தேவையின் அளவைக் கேட்கவில்லை.

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் எமது விடை உருவாகிறது. கருவியை மாற்றும் உரிமை விலை கொடுத்ததனால் மட்டும் பிறப்பதில்லை. வகுத்ததனால் மட்டும் பிறப்பதுமில்லை. கருவியின் விதிகளை அறிந்து, அறிவைப் பிறர் முன் சோதனைக்கு வைத்து, விளைவை ஏற்றுக்கொள்ளும் உழைப்பிலிருந்தே அது பிறக்கிறது. அவ்வுழைப்பு இல்லாத இடத்தில் சொந்தக்காரருக்கும் அவ்வுரிமை குறைவே. அது உள்ள இடத்தில் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கும் அவ்வுரிமை நிறைவே. வண்டிக்காரர் அவசரப்படுத்தும்போது, ‘இந்தத் தாங்கி இதற்குச் சரிவராது, குழந்தை ஏறும் வண்டி’ என்று மறுக்கும் தொழிலாளி தமது உரிமையையே பயன்படுத்துகிறார். மாற்றும் உரிமையினுள் மாற்ற மறுக்கும் உரிமையும் அடங்கியுள்ளது. அன்றைய கூலியை இழந்தே அவர் அதனைச் சொல்லவேண்டியிருக்கிறது என்பது எமது சமுதாயத்தின் குறை.

அத்தகைய உழைப்பு வளர்வதற்கு அறிவு திறந்திருத்தல் வேண்டும். இன்றைய புதிய வண்டிகள் பலவற்றிலே காபரேற்றர் இல்லை. எரிபொருட் பம்பி தாங்கியினுள்ளேயே அமர்ந்து, வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்று மடங்கு அமுக்கத்தோடு பெற்றோலைத் தள்ளுகிறது. சிறு கணினியொன்று அதன் அளவைத் தீர்மானிக்கிறது. இவற்றால் எரிபொருள் மிச்சமாகிறது, புகை குறைகிறது, வரவேற்போம். ஆனால் யந்திரம் சிக்கலாகும்போது அதன் விளக்கப்படங்களும் குறியீடுகளும் கம்பனியின் பெட்டியினுள் பூட்டப்படுகின்றன. இதனை எதிர்த்து உலகின் பல பாகங்களில் இயக்கங்கள் எழுந்துள்ளன. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மக்கள் 2012 இல் வாக்களித்து, வாகனத் திருத்தத்துக்கு வேண்டிய தகவல்களைச் சுதந்திரமான கராஜ்களுக்கும் அளிக்கும்படி சட்டமியற்றச் செய்தனர். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சாதனங்கள் சிலவற்றைத் திருத்தும் உரிமைக்கென 2024 இல் ஒரு பணிப்பாணையை நிறைவேற்றியது. கம்பனியின் பூட்டை எதிர்ப்பதும் பொதுப் பாதுகாப்பு விதிகளை ஆதரிப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. இரண்டும் அறிவைப் பொதுவாக்கும் ஒரே வேலையின் இரு கைகள்.

பூட்டு கம்பனியிடம் மட்டும் இல்லை. எமது பாடசாலைகளிலும் அது தொங்குகிறது. பௌதிகவியலிலே அமுக்கத்தையும் ஆவியாதலையும் எழுதிச் சித்தியடையும் மாணவனுக்குத் தாங்கி மூடியின் துவாரம் எதற்கென்று தெரிவதில்லை. அதனை அறிந்த கராஜ் இளைஞனோ படிப்பு வராதவன் என்று பாடசாலையால் என்றோ ஒதுக்கப்பட்டவன். மூளையை ஒரு வகுப்புக்கும் கையை இன்னொரு வகுப்புக்கும் பங்கிட்டுக் கொடுத்த பழைய சாதிப் பிரிவினையே புதிய சீருடை அணிந்து இங்கே நடமாடுகிறது. இதன் விளைவு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. வெறுமையான தாங்கி ஏன் வெடிக்கும் என்ற உண்மையை அவ்விளைஞனுக்கு உரிய காலத்தில் எவரும் சொல்லாவிட்டால் அவன் தன் உடலாலேயே அதனைக் கற்கவேண்டியிருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் நாம் சொல்லவிரும்புவது இதுவே. அருகிலுள்ள கராஜைப் பாடசாலையின் ஒரு வகுப்பறையாகக் கருதுங்கள். அங்குள்ள தொழிலாளியை ஒரு நாள் ஆசிரியராக அழையுங்கள். அவருக்குத் தெரியாததை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். உலகத்தை மாற்றவேண்டும் என்று நாம் பேசிவருகிறோம். மாற்றுவதற்கு விதிகளை அறிதல் வேண்டும். விளைவை யார் தாங்குவார் என்று கேட்கும் துணிவு வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவரின் பங்கை மறவாதிருத்தல் வேண்டும். தாங்கி மாற்றும் சிறிய வேலையில் இப்பழக்கங்களைப் பெறாத கைகள், பெரிய மாற்றங்களைத் தொடும்போது மட்டும் அவற்றைத் திடீரெனப் பெற்றுவிடப் போவதில்லை.